ஷீல்டு போதும், புத்தகம் கொடுங்க! - மாத்தூர் ஷோகேஸுக்கு சில அறிவுப் பரிசுகள்

எம்.எம்.டி.ஏ மாத்தூரில் பல வீடுகளின் ஷோகேஸில் ஒரே மாதிரிப் பொருள்களைப் பார்க்கலாம். பள்ளி ஆண்டு விழாவில் வாங்கிய ஷீல்டு, கிரகப்பிரவேசத்துக்கு வந்த சுவர்க்கடிகாரங்கள், இன்னும் பெட்டி பிரிக்காத டின்னர் செட், ரிட்டயர்மென்ட் அன்று கம்பெனியில் கொடுத்த வெள்ளி முலாம் தட்டு. அதற்குக் கீழ்த்தட்டில் டி.என்.பி.எஸ்.சி கைடும், நீட் வினாத்தாள் தொகுப்பும் அடுக்கியிருக்கும். புத்தகம் என்றால் பரீட்சைக்குத்தான் என்றாகிவிட்டது.

ஆனால், அதே வீட்டில் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. மணலி ரிஃபைனரியின் உயரமான குழாயில் எரிகிற தீ ஏன் அணைவதே இல்லை? மணலிப் புதுநகர் பக்கம் ஓடுகிற ஆறு எங்கிருந்து வருகிறது? கால்வாய்க்கு ஏன் பக்கிங்ஹாம் என்று வெள்ளைக்காரன் பெயர்? தாத்தா சொல்கிற 'பின்னி மில் ஸ்டிரைக்'கில் என்னதான் நடந்தது?

இவை எல்லாவற்றுக்கும் பதில் தேடிய ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எழுதிய புத்தகங்களும் இருக்கின்றன. அவை பெரும்பாலும் வடசென்னையின் வீடுகளுக்கு வந்து சேர்வதில்லை, அவ்வளவுதான். ஆய்வு நூல் என்றாலே பேராசிரியர்களுக்கானது என்ற பயம் ஒரு காரணம். யாரும் அதைப் பரிசாகக் கொடுப்பதில்லை என்பது இன்னொரு காரணம்.

நல்ல புத்தகப் பரிசுக்கு ஒரு எளிய வழி உண்டு. வாங்கிக்கொள்பவர் தினமும் பார்க்கிற, சாப்பிடுகிற, நடந்துபோகிற ஒன்றிலிருந்து தொடங்குகிற புத்தகமாகப் பாருங்கள். முதல் பக்கத்திலேயே தெரிந்த முகம் இருந்தால், 300 பக்கம் பெரிதாகத் தெரியாது. அப்படிச் சில பரிசுகள் இங்கே.

ஆறு எங்கிருந்து வருது என்று கேட்கும் பிள்ளைக்கு...

எண்ணூரில் கடலில் கலக்கிறதே கொசஸ்தலை ஆறு, அதன் கரையோரமாக மேற்கே போனால் பூண்டிக்குப் பக்கத்தில் அதிரம்பாக்கம் என்ற சின்ன கிராமம் வரும். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் அங்கே ஆதிமனிதர்கள் செய்த கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அதே வருடம் பல்லாவரத்தில் அவர் கண்டெடுத்த கற்கோடரிதான் இந்தியாவின் கற்கால ஆராய்ச்சிக்கே தொடக்கம்.

கதை அதோடு முடியவில்லை. தொல்லியலாளர் சாந்தி பப்பு தலைமையிலான குழு அதிரம்பாக்கத்தில் பல ஆண்டுகள் அகழாய்வு செய்தது. அங்கே கிடைத்த பழைய கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. நுட்பமான அடுத்த கட்டக் கருவிகள் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே செய்யப்பட்டன என்று 2018-ல் 'நேச்சர்' இதழ் வெளியிட்டது. உலகமே திரும்பிப் பார்த்த ஆய்வு இது. நம்ம ஆறுதான்!

இந்தப் பிள்ளைக்கு ஏற்ற முதல் பரிசு, தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட கீழடி நூல். படங்கள் நிறைந்தது, சின்னது, விலையும் குறைவு. அதோடு ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துக் கொடுங்கள். பூண்டியில் தொல்லியல் துறையின் கற்கால அருங்காட்சியகம் இருக்கிறது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ஃபூட் சேகரித்த கருவிகள் இருக்கின்றன. புத்தகத்தில் படித்ததை நேரில் பார்க்கிற பிள்ளை அடுத்த புத்தகத்தைத் தானே கேட்கும்.

கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்ய முடியும் என்றால், ஆர்.பாலகிருஷ்ணன் எழுதிய 'ஒரு பண்பாட்டின் பயணம்: சிந்து முதல் வைகை வரை'. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் வெளியீடு. தடிமனான, வண்ணப்படங்கள் நிறைந்த புத்தகம். மூன்று, நான்கு உறவினர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தால் பாரம் தெரியாது.

சமையலறையிலிருந்து வரலாறு பிடிக்கும் என்பவர்களுக்கு...

அத்திப்பட்டு, வல்லூர் பக்கம் போனவர்களுக்கு உப்பளங்கள் பழக்கமான காட்சி. அந்த உப்பை வைத்து ஒரு முழுப் புத்தகமே எழுத முடியுமா? தூத்துக்குடிப் பேராசிரியர் ஆ.சிவசுப்பிரமணியன் எழுதியிருக்கிறார். பெயர், 'உப்பிட்டவரை'. உப்பு விளைவிப்பவர்களின் உழைப்பு, வணிகம், வரி, உப்பைச் சுற்றிய நம்பிக்கைகள் என ஒரு பிடி உப்புக்குள் இருக்கும் சமூக வரலாற்றைச் சொல்லும் நூல்.

இதே வரிசையில் தொ.பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்'. சோறு, எண்ணெய், உடை, வீடு, பண்டிகை என நாம் யோசிக்காமலேயே செய்கிற விஷயங்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பேசுகிறது. கட்டுரைகள் சின்னச் சின்னவை. பஸ்ஸில் மாத்தூரிலிருந்து பிராட்வே போவதற்குள் இரண்டு, மூன்று படித்துவிடலாம். ஆய்வு நூல் படித்தே பழக்கமில்லாதவருக்கு முதல் பரிசு என்றால், கண்ணை மூடிக்கொண்டு இதைக் கொடுக்கலாம்.

மூன்றாவது, ஆ.இரா.வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை'. இன்று காலையில் காபி இல்லாமல் விடியாத தமிழ் வீடுகளுக்கு அது எப்படி நுழைந்தது, நுழைந்தபோது எத்தனை பேர் பதறினார்கள் என்பதைப் பழைய பத்திரிகைகளையும் ஆவணங்களையும் தேடி எழுதியிருக்கிறார். 2024-ம் ஆண்டின் சாகித்ய அகாடமி விருதை வ.உ.சி பற்றிய நூலுக்காகப் பெற்ற ஆய்வாளர் இவர். ஆனாலும், படிக்கும்போது சிரிப்பு வரும்.

ஆலையில் உழைத்த அப்பாவுக்கு, தாத்தாவுக்கு...

ரிட்டயர்மென்ட் பரிசு என்றால் சால்வையும் தட்டும் என்று யார் முடிவு செய்தது? முப்பது வருடம் ஷிப்ட் பார்த்தவருக்கு, அந்த எட்டு மணி நேர வேலையும் சங்கமும் எப்படி வந்தன என்று சொல்லும் புத்தகத்தைவிடப் பொருத்தமான பரிசு வேறு என்ன?

இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகச் சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம், 1918 ஏப்ரல் 27-ல் பெரம்பூர் வட்டாரத்தில் உருவானது. பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காக அந்தப் பகுதியில் வியாபாரம் செய்துவந்த செல்வபதி செட்டியாரும் ராமாநுஜுலு நாயுடுவும் முதல் முயற்சி எடுத்தார்கள். பி.பி.வாடியா தலைவரானார். உடன் நின்றவர் திரு.வி.க. அந்த நாள்களின் கூட்டங்கள், 1921-ம் வருடத்து வேலைநிறுத்தக் கொந்தளிப்பு ஆகியவற்றைப் பற்றி திரு.வி.க தன் 'வாழ்க்கைக் குறிப்புகள்' நூலில் எழுதியிருக்கிறார். வரலாற்றை அதில் நின்ற ஒருவரே சொல்வதால், வாசிப்பவருக்கு நெருக்கமாக இருக்கும்.

ஆங்கிலம் படிக்கும் பேரப்பிள்ளைகள் இருந்தால், டி.வீரராகவன் எழுதிய 'தி மேக்கிங் ஆஃப் தி மெட்ராஸ் வொர்க்கிங் கிளாஸ்' நூலை வாங்கிக் கொடுக்கலாம். சென்னை ஐ.ஐ.டி-யில் வரலாறு கற்பித்த வீரராகவன் பார்வை மாற்றுத்திறனாளி. 1918 முதல் 1939 வரையிலான சென்னைத் தொழிலாளர்களின் கதையை ஆவணங்களிலிருந்து திரட்டினார். அவர் மறைந்த பிறகு, 2013-ல்தான் நூல் வெளியானது. அதில் வரும் போராட்டங்கள் நடந்த ஆலைகள் 1996-ல் நிரந்தரமாக மூடப்பட்டன. அங்கே உழைத்தவர்களின் வாரிசுகள் இன்றும் பெரம்பூரிலும் புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் இருக்கிறார்கள். யாரைப் பற்றி எழுதப்பட்டதோ, அவர்கள் வீட்டில் அந்தப் புத்தகம் இருக்க வேண்டாமா?

இந்த வரிசையில் விடக்கூடாத இன்னொருவர் ம.சிங்காரவேலர். ராஜாஜி சாலையில் சென்னை கலெக்டர் அலுவலகம் இயங்கும் மாளிகைக்கு அவர் பெயர்தான். மீனவக் குடும்பத்தில் பிறந்து வக்கீலானவர், 1923-ல் இந்தியாவின் முதல் மே தினத்தைச் சென்னைக் கடற்கரையில் கொண்டாடியவர். பலருக்குத் தெரியாத விஷயம், அவர் தமிழில் அறிவியல் கட்டுரைகளை எழுதிக் குவித்தவர் என்பது. 'குடி அரசு' இதழில் எழுதினார். 1935-ல் 'புது உலகம்' என்று தனியாக ஒரு பத்திரிகையே தொடங்கினார். உலகம் எப்படித் தோன்றியது என்பதைப் பாமரத் தொழிலாளியும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்த மனிதர். அவருடைய எழுத்துகள் 'சிங்காரவேலர் சிந்தனைக் களஞ்சியம்' என்று தொகுக்கப்பட்டிருக்கின்றன.

ஊர் சுற்றப் பிடிக்கும் நண்பருக்கு...

சென்னை வரலாறு என்றால் எஸ்.முத்தையாவைத் தாண்டிப் போக முடியாது. 1981-ல் ஆங்கிலத்தில் சிறியதாக வந்த அவரது நூல், பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்து பெரிய புத்தகமானது. தமிழில் 'சென்னை: மறுகண்டுபிடிப்பு'. கடற்படையில் பணியாற்றிய நரசய்யா எழுதிய 'மதராசபட்டினம்' நேரடியாகத் தமிழிலேயே எழுதப்பட்டது. இரண்டில் எது கிடைத்தாலும் ராயபுரம் ரயில் நிலையம் 1856-ல் கட்டப்பட்ட கதையிலிருந்து தொடங்கி நகரம் முழுக்க ஒரு சுற்று வரலாம்.

பக்கிங்ஹாம் கால்வாய்க்கு வருவோம். 1806-ல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்டபோது அதற்குப் பெயர் காக்ரேன் கால்வாய். 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் வாட்டியபோது, பஞ்ச நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் நிலைத்துவிட்டது. பசியில் வாடியவர்கள் மண் சுமந்த கால்வாய் அது. அந்தப் பஞ்சத்தைப் பற்றி வில்லியம் டிக்பி 1878-லேயே இரண்டு தொகுதிகள் எழுதினார். காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசம்.

இந்த நண்பருக்குப் புத்தகத்தோடு ஒரு வரைபடமும் கொடுக்கலாம். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. இரண்டு சென்டிமீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டர். நம்ம பகுதிக்கான தாளைப் பெரிதாக பிரின்ட் எடுத்து ஃபிரேம் போட்டால், எந்தச் சுவர்க்கடிகாரத்தையும்விட வீட்டுக்கு வருகிறவர்கள் அதன் முன்னால்தான் நிற்பார்கள். ஏரி எங்கே, உப்பளம் எங்கே, நம்ம தெரு எங்கே என்று விரல் தானாகப் போகும்.

கைடுகளுக்கு நடுவே படிப்பவருக்கு...

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற தம்பிக்கோ தங்கைக்கோ இன்னொரு கைடு வேண்டாம். கைடு எழுதுபவர்களே எடுத்துப் பார்க்கும் மூல நூலைக் கொடுங்கள். கே.கே.பிள்ளையின் 'தமிழக வரலாறு: மக்களும் பண்பாடும்', தரமணி உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் வெளியீடு. நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்', 1935-ல் ஆங்கிலத்தில் தொடங்கி இன்றும் சோழர் வரலாற்றுக்கு முதலில் திறக்கப்படும் நூல். தேர்வுக்கும் உதவும், தேர்வு முடிந்த பிறகும் எடைக்குப் போகாது.

அகராதியை யாராவது பரிசாகக் கொடுப்பார்களா என்று கேட்கலாம். 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி' அந்த எண்ணத்தை மாற்றிவிடும். 1992-ல் முதல் பதிப்பு, 2008-ல் இரண்டாவது, 2020-ல் மூன்றாவது. இன்று நாம் பேசும், எழுதும் சொற்களுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் சொல்லி, வாக்கியத்தில் எப்படி வரும் என்றும் காட்டும். இதற்காக வாழ்நாளைக் கொடுத்த க்ரியா ராமகிருஷ்ணன், மூன்றாம் பதிப்பு வெளியான சில நாள்களிலேயே 2020 நவம்பரில் கொரோனாவால் காலமானார். தமிழ் மீடியத்திலிருந்து கல்லூரிக்குப் போகும் முதல் தலைமுறைப் பிள்ளைக்கு, இது நான்கு வருடமும் கூடவே வரும் துணை.

எட்டு வயதிலிருந்து பதினைந்து வயது வரை...

* 'பொழுதுபோக்கு பௌதிகம்': யாகோவ் பெரல்மான் 1913-ல் ரஷ்ய மொழியில் எழுதியது. சோவியத் காலத்தில் மலிவு விலையில் தமிழில் வந்து, ஒரு தலைமுறையையே அறிவியல் பக்கம் இழுத்தது. பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

* 'துளிர்' சந்தா: தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்தும் சிறுவர் அறிவியல் மாத இதழ். ஒருமுறை பணம் கட்டினால் வருடம் முழுக்கப் பரிசு வரும். பிள்ளையின் பெயருக்கே தபால் வருவது தனி சந்தோஷம்.

* ஃபோல்ட்ஸ்கோப்: இந்தியாவில் பிறந்த விஞ்ஞானி மனு பிரகாஷ், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய காகித மைக்ராஸ்கோப். மடித்துச் செய்துகொள்ளலாம். எடை சுமார் 8 கிராம், 140 மடங்கு பெரிதாகக் காட்டும். ஒரு சொட்டுக் குட்டைத் தண்ணீரை வைத்துப் பார்த்த பிள்ளை, அன்று டி.வி பக்கம் போகாது.

* அரவிந்த் குப்தாவின் இணையதளம்: தூக்கிப்போடும் தீப்பெட்டி, ஸ்ட்ரா, பாட்டில் மூடியில் அறிவியல் பொம்மை செய்யச் சொல்லித் தருபவர். 2018-ல் பத்மஸ்ரீ பெற்றவர். தமிழ்ப் புத்தகங்களும் அங்கே இலவசம்.

ஆமாம், ரிஃபைனரித் தீ? எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது மிஞ்சும் வாயுவும், அழுத்தம் கூடும்போது அவசரமாக வெளியேற்ற வேண்டிய வாயுவும் அப்படியே காற்றில் கலந்தால் ஆபத்து. அதனால் உயரத்தில் வைத்து எரித்துவிடுகிறார்கள். எப்போது வாயு வந்தாலும் பற்ற வேண்டும் என்பதற்காகவே சின்னத் தீ எரிந்துகொண்டே இருக்கிறது. இப்படி ஒரு பதில் கிடைத்தால், பிள்ளை அடுத்து 'எரிந்த புகை எங்கே போகும்?' என்று கேட்கும். மணலியில் வளர்கிற பிள்ளை அவசியம் கேட்க வேண்டிய கேள்வி அது.

செலவே இல்லாத பரிசு

பெரியசாமி தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து தயாரித்த தமிழ்க் கலைக்களஞ்சியம் 10 தொகுதிகள், 1954 முதல் 1968 வரை வெளிவந்தன. அதைத் தொடர்ந்து குழந்தைகளுக்காகத் தனியே 10 தொகுதிகள். இந்த இரண்டும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் போனிலேயே படிக்கக் கிடைக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் 'தமிழ் லெக்சிகன்', நாட்டுடைமையாக்கப்பட்ட பல அறிஞர்களின் நூல்கள் எல்லாம் இணையத்தில் உண்டு. தாத்தாவின் போனில் இவற்றை ஹோம் ஸ்கிரீனில் வைத்துக் கொடுத்து, எழுத்தைப் பெரிதாக்கும் வழியைச் சொல்லிக் கொடுப்பதும் பரிசுதான்.

அரசு நூலகத்தில் உறுப்பினராகச் சேர்த்துவிடுவது இன்னொன்று. வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லை என்பவர்களுக்கு, 2024 நவம்பரில் கொளத்தூரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகம் மாத்தூரிலிருந்து போய்வரும் தூரத்தில்தான் இருக்கிறது.

முகம் தெரியாதவருக்கு ஒரு பரிசு

நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், டி.பி.ஐ வளாகத்துக்குள் 1812-ல் தொடங்கிய மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டி நூலகம் இருக்கிறது. நூற்றாண்டு கண்ட புத்தகங்கள் அங்கே நொறுங்கும் நிலையில் இருக்கின்றன. ஒரு புத்தகத்தைத் தத்தெடுத்து, அதைச் செப்பனிடும் செலவை நீங்கள் ஏற்கலாம். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும் காசில், அம்மாவின் பெயரில் ஒரு பழைய நூலுக்கு உயிர் கொடுக்கலாம்.

இன்னொரு இடம், மாத்தூருக்குப் பக்கத்திலேயே இருக்கும் புழல் மத்திய சிறை. சிறைவாசிகளுக்காக மக்களிடமிருந்து புத்தகங்களைத் திரட்ட, சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை 'கூண்டுக்குள் வானம்' என்ற பெயரில் அரங்கு அமைத்தது. படித்து முடித்த நல்ல நூல் ஒன்று அங்கே போனால், அதற்குப் பல வாசகர்கள் கிடைப்பார்கள்.

எங்கே வாங்கலாம்?

பெரிய புத்தகக் கடைகள் பெரும்பாலும் மவுன்ட் ரோட்டைச் சுற்றியும் தெற்கேயும் இருக்கின்றன. 1977-ல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சியும் இப்போது நந்தனத்தில்தான் நடக்கிறது. முன்பு வடசென்னையிலிருந்து அங்கே போவதென்றால் ஒரு நாள் காலி. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்ட பிறகு கதை மாறிவிட்டது. மணலி வழியாகத் திருவொற்றியூர் பக்கம் போய் மெட்ரோ ஏறினால், மாறாமல் கொள்ளாமல் நந்தனத்தில் இறங்கலாம். பொங்கலையொட்டி நடக்கும் காட்சியில் 10 சதவிகிதத் தள்ளுபடியும் உண்டு.

பழைய புத்தகம் என்றால் சென்ட்ரல் பக்கத்து அல்லிக்குளம் வளாகம். 1985 மே மாதத் தீ விபத்தில் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு, அங்கிருந்த வியாபாரிகளுக்குக் கிடைத்த இடம் இது. பேரம் பேசலாம். பக்கங்கள் முழுதாக இருக்கின்றனவா என்று மட்டும் புரட்டிப் பார்த்து வாங்குங்கள்.

வாங்கும் முன் நான்கு விஷயம்

* உங்களுக்குப் பிடித்ததை வாங்காதீர்கள். அவர் கடைசியாக எதைப் பற்றிக் கேள்வி கேட்டார் என்று யோசித்து வாங்குங்கள்.
* முதல் பரிசு 200 பக்கத்துக்குள் இருக்கட்டும். பெரிய நூல் அடுத்த வருடத்துக்கு.
* ஏற்கெனவே வைத்திருக்கக்கூடும் என்று சந்தேகம் இருந்தால், மாற்றித் தருவார்களா என்று கடையில் கேட்டுவிட்டு, பில்லை உள்ளேயே வையுங்கள்.
* முதல் பக்கத்தில் பெயர், தேதி, ஊர் எழுதுங்கள். பல வருடம் கழித்து அந்தப் புத்தகம் அல்லிக்குளத்தில் யார் கைக்காவது கிடைக்கும்போது, மாத்தூரில் ஒரு வாசகர் இருந்தார் என்று அவருக்குத் தெரியட்டும்!